உடல் மறுக்கும் தொழிலை விடுதல் அறமாகுமா?

உழைத்து உண்பவன் ஒருவன், தன் உடல் மீண்டும் மீண்டும் மறுக்கின்ற தொழிலை விட்டு விலகினால், அவன் கடமையினின்று வழுவியவன் ஆவானா, அன்றிச் செய்யத்தக்கதைச் செய்தவன் ஆவானா? இவ்வினா ஏட்டில் பிறந்ததன்று. யாம் அறவுரை ஆற்றச் செல்லும் ஊர்களில், கூட்டம் கலைந்தபின் தயங்கி நின்று சிலர் எம்மிடம் கேட்பது. ஒருவர் இரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்குபவர். ஆண்டுக்கு மும்முறை இடுப்புப் பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடக்கின்றார். ஒருவர் சாயப்பட்டறைத் தொழிலாளி. கைத்தோல் வெடித்து ஆறுவதும் மீண்டும் வெடிப்பதுமாக உள்ளது. ஓர் அம்மையார் ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் தைப்பவர்; இரவில் விரல்கள் மரத்துப்போய் உறக்கம் கலைகின்றது. ஒரே முறை நேர்ந்த காயமென்றால் எவரும் எம்மைத் தேடி வருவதில்லை, ஆறியதும் மறந்துவிடுவர். ஆறித் திரும்பும் நோயே மனிதனை நியாயம் கேட்க வைக்கின்றது.

அவர்களுக்கு வீட்டிலும் தெருவிலும் மறுமொழிகள் முன்னமே கிடைத்திருக்கின்றன. பொறுத்துக்கொள் என்பார் தந்தையார். ஊரில் எல்லாரும் பொறுக்கவில்லையா என்பார் உடன்பிறந்தார். விட்டுவிடுங்கள் என்று மனைவி சொல்லுவார். சொல்லிவிட்டு அரிசிப் பானையைப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒருவர் வந்து, முன்வினை என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

ஆகவே முதற்கண் முன்வினை என்னும் சொல்லை எடுத்து ஒருபுறம் வைப்போம். இச்சொல்லைக் கேட்டு வாயடைத்துப் போனவர் நம்மவருள் ஏராளம். இடுப்பு வலியா, முன்வினை, இருமலா, முன்வினை, கூலி குறைவா, அதுவும் முன்வினை. மூட்டையின் கனத்தைப் பற்றிப் பேசுவார் இலர். இராசகிருகத்தில் மோலிய சீவகர் என்னும் துறவி ஒருவர் பகவானை அணுகி இதனையே வினவினார். மருத்துவர் ஜீவகர் வேறு, இவர் வேறு. மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன் செய்த வினையின் பயனே என்று சிலர் சாதிக்கின்றனரே, இதற்கு என்ன கூறுகின்றீர் என்றார். பகவான் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார் என்று சம்யுத்த நிகாயம் உரைக்கின்றது. பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றும் கூடிய கலப்பு, பருவ மாறுபாடு, உடலைத் தகாத வகையில் நடத்துதல், புறத்தேயிருந்து வரும் தாக்குதல், வினைப்பயன் என்பன அவ்வெட்டும். எட்டில் ஒன்றே வினை. எல்லாம் வினையே என்போர், தாமாக அறிந்ததையும் உலகம் உண்மையென ஒப்பியதையும் கடந்து ஓடுகின்றனர் என்பது அவர் தீர்ப்பு. மூட்டை தூக்கும் அன்பரின் இடுப்பு ஆறாம் காரணத்தைச் சேர்ந்ததா, ஏழாம் காரணத்தைச் சேர்ந்ததா என்று வழக்காடலாம். எட்டாவதற்கு ஓடவேண்டிய தேவை இல்லை.

யாம் அறவுரை கூறப் புகுமுன் பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் 16 ஆண்டுகள் உழைத்தோம். 1987-இல் பதிலியாகப் புகுந்து 2003-இல் வெளியேறினோம். முதலில் புளோரூம், பின்னர் கார்டிங். ஆலையை அறியாத வாசகர்க்குச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். இறுகக் கட்டி வரும் பஞ்சுப் பேல்களை உடைத்து, உதறி, குப்பை நீக்குமிடம் புளோரூம். அப்பஞ்சை நுண்ணிய கம்பிப் பற்களால் சீவி, இழைகளை நேராக்கி, முறுக்கில்லாத கயிறு போலத் திரட்டுமிடம் கார்டிங். நூற்புக்கும் நெசவுக்கும் போகுமுன் பஞ்சு தன் அழுக்கின் பெரும்பகுதியை இவ்விரண்டிடத்திலும் விட்டுச் செல்கின்றது. இலைத்துகள், காய்த்தோட்டின் பொடி, மண், இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் நச்சு. வெயிற்கீற்று விழும் இடத்தில் பார்த்தால் காற்றே பஞ்சாகத் தோன்றும். புருவமும் மீசையும் வெளுத்து, இருபது வயது இளைஞரும் கிழவர் போலக் காணப்படுவர். புதிதாக வந்தவரைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் வழக்கம்.

இவ்விடத்து நோய்க்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. எங்கள் ஆலையில் வார ஓய்வு வியாழக்கிழமை. மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு ஆலைக்கொரு நாளாக ஓய்வை மாற்றி வைத்திருந்த காலம் அது. வியாழன் இரவு நன்றாக உறங்குவோம். வெள்ளி காலை நலமாக வேலைக்குச் செல்வோம். சில மணி நேரம் கழிந்ததும் மார்பை ஈரத்துணியால் இறுக்கிக் கட்டியது போலிருக்கும். இழுத்த மூச்சு பாதியில் நிற்கும். மாலையில் வறட்டிருமல். சனிக்கிழமை ஒன்றும் இராது. அடுத்த வெள்ளி மறுபடியும் வரும். ஓய்வு கொண்டபின் நோய் குறைய வேண்டும். இங்கு ஓய்வுக்கு மறுநாளே நோய் தோன்றுகின்றது. ஓரிரு நாள் தூசியை விட்டு நீங்கியிருந்த மார்பு, மீண்டும் தூசியைக் கண்டதும் சீறுகின்றது என்று எளிதாகக் கொள்ளலாம். ஆனால் மேற்பார்வையாளர் கண்ணுக்கு அது எப்படித் தோன்றும்? ஓய்வு நாளில் குடித்திருப்பான், இன்று வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்று தோன்றும். குடிப்பழக்கமே அறியாத பலர் வெள்ளிக்கிழமைதோறும் அப்பெயர் பெற்றனர். நோயைச் சோம்பலாகக் காட்டும் இவ்வியல்பே பஞ்சுத்தூசியின் கொடுமைகளுள் முதன்மையானது என்று யாம் கருதுகின்றோம்.

இதற்குப் பிசினோசிஸ் என்று பெயர். நேர்த்தியான துகிலைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர். நோய்க்கு இவ்வளவு அழகிய பெயர் வேண்டியதில்லை. மருத்துவ நூல்கள் இதனைத் திங்கட்கிழமை நோய் என்று பேசுகின்றன. ஞாயிறு ஓய்வுள்ள நாடுகளில் எழுதப்பெற்ற நூல்கள் அன்றோ! எம்மைச் சோதித்த மருத்துவர் ஒருவர், திங்கட்கிழமைகளில் மூச்சு எவ்வாறுள்ளது என்று மட்டும் கேட்டார். திங்களன்று ஒன்றுமில்லை என்றோம். ஆஸ்துமா என்று எழுதிவிட்டார். எங்கள் ஆலைக்கு என்று ஓய்வு என அவர் கேட்கவில்லை. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ரமசினி என்பார் தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டிலேயே தனி நூல் வெளியிட்டார். ஆளிநாரும் சணலும் சீவுவோர் படும் இருமலை அந்நூலில் எழுதிவைத்தார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு, நீ என்ன தொழில் செய்கின்றாய் என்பதையும் கேளுங்கள் என்று மருத்துவர்க்குக் கூறியவரும் அவரே. 300 ஆண்டுகள் சென்றும் அவ்வினாவைக் கேளாமல் மருந்து எழுதுவோர் உளர்.

ஒரு சொல்லில் என்ன இருக்கின்றது என்று வாசகர் வினவலாம். ஆஸ்துமா என்றால் அது உன் உடலின் குறை. பிசினோசிஸ் என்றால் அது ஆலை தந்தது. 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தில், பஞ்சுத்தூசியால் வரும் மார்பு நோய் எம் காலத்தில் தொழில் நோய்ப் பட்டியலில் இருந்தது. பட்டியலில் உள்ள நோயென்று மருத்துவக் குழு ஒப்பினால், வேலையில் நேர்ந்த காயத்துக்கு உள்ள உரிமை அதற்கும் உண்டு. பொதுவான நோயென்றால் ஆண்டுக்கு 91 நாள் உதவித்தொகை, அவ்வளவே. இங்கிலாந்து 1940-இல் இந்நோய்க்கு ஈட்டுத்தொகைச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் மூச்சிரைக்கும் முதிய ஆலைத் தொழிலாளர் 1975-இல் தமக்கெனச் சங்கம் கூட்டி, அதிகாரிகள் முன் சென்று நின்று தம் மூச்சையே சான்றாகக் காட்டினர். 1978-இல் அந்நாட்டு அரசு, நூற்பாலையின் காற்றில் கன மீட்டர் ஒன்றுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத்தூசி இருத்தலாகாது என விதித்தது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடினர். 1981-இல் விதியே நிலைத்தது. எந்திரங்களை மூடி, தூசியை உறிஞ்சும் குழாய்கள் அமைத்தபின் நோய் பெரிதும் குறைந்தது. ஆகவே இது பருத்தியின் குணமும் அன்று, தொழிலாளியின் தலையெழுத்தும் அன்று. உறிஞ்சுகுழாய் உண்டா இல்லையா என்பதே கேள்வி.

இந்நோய் படிப்படியாக ஏறுவது. முதற்படியில் ஓய்வுக்கு மறுநாளோடு நிற்கும். ஆண்டுகள் செல்ல அடுத்த நாளுக்கும் நீளும். பின்னர் வாரம் முழுதும் இருக்கும். கடைப்படியில், ஆலையை விட்டு வீட்டில் அமர்ந்தாலும் மூச்சு திரும்புவதில்லை. முதற்படியிலேயே தூசியை விட்டு நீங்கியவர் பெரும்பாலும் நலம் பெறுகின்றனர். பீடி குடிப்பவர்க்கு ஏற்றம் விரைவு. நிர்வாகத்துக்கும் பழி போட ஒரு பீடி கிடைத்துவிடுகின்றது. பொறு பொறு என்று அறிவுரை சொல்வோர் இப்படிக்கட்டை மனத்திற் கொள்ளவேண்டும். இங்குப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு. எத்தனை ஆண்டுகள் பொறுக்கின்றோமோ, அத்தனை ஆண்டுகளின் விலையையும் நுரையீரல் கொடுக்கின்றது.

பொறுமையைப் பழிக்க யாம் வரவில்லை. பத்துப் பாரமிகளுள் அதுவும் ஒன்று. பிறர் ஏசும்போது பொறுத்தல், இழந்தபோது பொறுத்தல், நீக்கமுடியாத வலியைப் புலம்பாது தாங்குதல் ஆகியவை பெருமைக்குரியன. நீக்கக்கூடிய வலியை நீக்காமல் தாங்குவது எந்தப் பாரமி? சோணரின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். சம்பா நகரத்துச் செல்வர் மகன். மண்ணில் கால் படாமல் வளர்ந்தவர். துறவு பூண்டு, இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் இரவும் பகலும் நடந்து நடந்து தியானம் செய்தார். மென்மையான பாதங்கள் வெடித்தன. நடைபாதை கொலைக்களம் போலக் குருதியில் நனைந்தது. இத்துணை முயன்றும் பயன் கிட்டவில்லையே, வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று அவர் உள்ளம் தளர்ந்தது. அப்போது பகவான் அவரிடம் வந்து யாழைப் பற்றிக் கேட்டார். சோணர் யாழ் வாசிப்பதில் வல்லவர். நரம்பை மிகுதியாக முறுக்கினாலும் இசை வராது, மிகுதியாகத் தளர்த்தினாலும் வராது என்பது அவரே அறிந்த செய்தி.

இவ்வுவமையை நம்மவர் பலரும் அறிவர். அறவுரையாளர் அத்துடன் கதையை முடித்துவிடுவதும் வழக்கம். வினயபிடகம் அத்துடன் முடிக்கவில்லை. பின்னர் பகவான் அப்பாதங்களுக்குச் செருப்பணிய அனுமதி தந்தார். உவமை உள்ளத்துக்கு, செருப்பு காலுக்கு. சோணர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அத்தனை செல்வத்தைத் துறந்தவன் ஒரு செருப்பில் பற்று வைத்தான் என்று உலகம் பேசும். எனக்கு மட்டும் வேண்டா. சங்கம் முழுமைக்கும் அனுமதித்தால் யானும் அணிவேன் என்றார். அவ்வாறே ஒற்றைத் தோலாலான செருப்பு பிக்குகள் அனைவருக்கும் அனுமதிக்கப்பெற்றது. ஒருவன் காற்புண் எல்லார்க்கும் விதியாயிற்று. இவ்வரலாற்றை யாம் பலமுறை படித்தும் இப்பகுதியில் வந்ததும் நிறுத்திவிடுவோம். மேலே படிக்கத் தோன்றுவதில்லை.

பகவான் தம் உடலையும் அவ்வாறே நடத்தினார். பாவை நகரத்தில் மல்லர்கள் புதிதாகக் கட்டிய மண்டபத்தில் இரவு நெடுநேரம் உரையாற்றியபின், முதுகு வலிக்கின்றது, சிறிது சாய்கின்றேன், நீர் தொடர்ந்து சொல்லும் என்று சாரிபுத்தரிடம் பணியை ஒப்படைத்துப் படுத்துக்கொண்டார். கபிலவஸ்துவில் அவ்வாறே ஆனந்தரிடம் ஒப்படைத்தார். முதுகு வலியை மறைக்கவுமில்லை, அதனால் வெட்கமுறவுமில்லை. கேட்டிருந்தவர் எவரும் அவரைச் சோம்பர் என்று கூறியதாகப் பிடகங்களில் இல்லை.

எனினும் அன்பர்காள், சாரிபுத்தர் பக்கத்தில் இருந்தார். அடுத்த வேளை உணவு ஊரார் பாத்திரத்தில் இருந்தது. வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் உள்ள இல்லறத்தானுக்கு அப்படி யார் இருக்கின்றார்? வேலையை விடு என்று மேடையில் நின்று சொல்வது எளிது. எங்கள் கார்டிங் பகுதியில் எம்மைக் காட்டிலும் மோசமான நிலையில் இருந்தவர் ஒருவர், மூன்று பெண்மக்களைப் பெற்றவர். படியேறும்போது இடையில் நின்று, யாரோ அழைத்தது போலத் திரும்பிப் பார்த்து, அந்தச் சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்வார். அவர் விடவில்லை. அவரைக் கடமை உணராதவர் என்றோ, உடலை மதியாத மூடர் என்றோ எவரேனும் கூறுவாராயின் அவர் வாயில் யாம் ஒரு பிடி கார்டிங் தூசியை இடுவோம். விலக முடிந்தவன் விலகுவது அறம். விலக முடியாதவனை விலகச் சொல்லுவது அறவுரை ஆகாது. விலக முடியாமையை உண்டாக்கியவர் யார் என்று கேட்பதே அங்கு அறவுரையாகும்.

அதனைக் கேட்கவும் நமக்கு இடமிருக்கின்றது. திகநிகாயத்தின் சிகாலோவாதத்தில், உழைப்பவர்க்கு வைத்துக்கொள்பவர் செய்யவேண்டிய கடமைகள் ஐந்து கூறப்பெற்றுள்ளன. வலிமைக்குத் தக்க வேலை கொடுத்தல், உணவும் கூலியும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், நல்ல பண்டம் கிடைத்தபோது பகிர்தல், காலமறிந்து ஓய்வு தருதல். முதற் கடமையே வலிமைக்குத் தக்க வேலை என்பதைக் கருதுங்கள், கூலி இரண்டாவதே. ஒருவர் தூக்கும் சுமை எவ்வளவு என்பதை உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஆராய்ந்து, வளர்ந்த ஆடவர்க்கு 55 கிலோவுக்கு மேல் ஆகாது எனப் பரிந்துரைத்தது. 100 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிய தலைமுறை இன்றும் நம் தெருக்களில் கூனி நடக்கின்றது. மூட்டை தூக்கும் அன்பர் எம்மிடம், யான் கடமை தவறுகின்றேனா என்று கேட்டபோது, மூட்டையின் எடை என்ன என்று யாம் திருப்பிக் கேட்டதன் காரணம் இதுவே. ஐந்து கடமைகளுள் முதலாவதையும் மூன்றாவதையும் எவர் முன்னே கைவிட்டாரோ, அவரே முதலில் விலகியவர். தொழிலாளி விலகுவது அதற்குப் பின்.

இனி, யாம் முதன்மையாகக் கூற வந்ததைக் கூறுவோம். எப்படி விலகுவது என்பதில்தான் எம்முடைய வழக்கு உள்ளது.

வேலையை விடுவோர் எழுதித் தரும் கடிதத்துக்கு ஆலையில் ஒரு வாசகம் வழக்கமாக இருந்தது. சொந்தக் காரணங்களை முன்னிட்டு வேலையினின்று விலகுகின்றேன் என்பது அது. டைம் ஆபீஸ் எழுத்தர் அதைச் சொல்லச் சொல்ல, விலகுபவர் எழுதிக் கையெழுத்திட்டுச் செல்வார். எழுதத் தெரியாதவர்க்கு எழுத்தரே எழுதிக்கொள்ள, கைந்நாட்டு மட்டும் விழும். எம்மிடமும் அவ்வாறே சொன்னார். பஞ்சுத்தூசியால் மார்பு நோயுற்று, வேறு பகுதிக்கு மாற்றக் கேட்டும் கிடையாமையால் விலகுகின்றேன் என்று யாம் எழுதிக் கொடுத்தோம். அவர் படித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார். இப்படி எழுதினால் கணக்குத் தீர நாளாகும் என்றார். கெட்டவர் அல்லர், உண்மையாகவே எமக்கு நன்மை கருதினார். மூன்று முறை திரும்பியது. நான்காம் முறை பெற்றுக்கொண்டு, கோப்பில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கடிதத்தால் எமக்குத் தனியே ஒரு காசும் வரவில்லை. பணிக்கொடை வர ஐந்து திங்கள் ஆயிற்று. அவர் சொன்னபடியே நாளானது. அந்த ஐந்து திங்களும் எம் மனைவியார் இட்லி அவித்துத் தெருமுனையில் விற்ற பணத்தில் உண்டோம். வேலையை விட்டவன் வீட்டில் தின்கின்றான் என்று அண்டை வீட்டார் பேசியதை அவர் எம்மிடம் சொல்லவில்லை, யாமே கேட்டோம்.

அங்ஙனமாயின் அச்சொல்லுக்காக ஏன் நின்றீர் என்று வினவுவீராயின், காரணம் இதுவே. மார்பு எம்முடையது, உண்மை. அதற்குள் புகுந்த தூசி எம்முடையதன்று. சொந்தக் காரணம் என்று எழுதும் ஒவ்வொருவனும், அந்த ஆலையில் நோய் இல்லை என்னும் சான்றில் கையெழுத்திடுகின்றான். அத்தகைய நூறு கடிதங்கள் ஒரு கோப்பில் சேர்ந்தால், தணிக்கைக்கு வரும் அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்து என்ன அறிவார்? நூறு பேர்க்குச் சொந்தக் காரணம் இருந்தது என்று அறிவார். நூற்றொன்றாவது மனிதன் வந்து அதே எந்திரத்தின் முன் நிற்பான். நாலாம் சீலமாகிய பொய்யாமை, சந்தையில் எடை குறைப்போர்க்கு மட்டும் சொல்லப்பட்டதென்று நாம் எண்ணுகின்றோம். நம்மை நாமே குற்றவாளியாக்கிக்கொள்ளும் பொய்யும் பொய்யே. அதன் தீமை நம்மோடு நிற்பதுமில்லை.

இதற்கு ஒரு தடை கூறுவார் உண்டு. கற்ற அன்பர் ஒருவர் எம்மிடமே கூறினார். அதே சிகாலோவாதத்தில் உழைப்பவர்க்கும் ஐந்து கடமைகள் விதிக்கப்பட்டுள்ளனவே, அவற்றுள் ஒன்று தலைவனின் நற்பெயரைப் பரப்புதல் அன்றோ, நீர் எழுதிய கடிதம் அதற்கு மாறில்லையா என்றார். நல்ல வினா. யாம் சில நாள் எண்ணிப் பார்த்தே விடை கூறினோம். அவ்வைந்தும் முன்னைய ஐந்தைத் தொடர்ந்து வருவன. அங்ஙனம் பேணப்பெற்றவர் இங்ஙனம் கைம்மாறு செய்வர் என்பதே முறை. மேலும், நற்பெயர் என்பது உள்ள நன்மையின் பெயர். எங்கள் ஆலையில் சம்பளம் ஏழாம் தேதிக்கு ஒருநாள் தவறியதில்லை. உணவகத்துச் சோறு நன்றாக இருந்தது. அக்காலத்தில் பிற இடங்களில் நம்மவர்க்குக் கிட்டாத மரியாதை தண்ணீர்ப் பானையண்டை அங்குக் கிட்டியது. இவற்றை யாம் இன்றளவும் எவ்விடத்தும் சொல்லி வருகின்றோம். இல்லாத உறிஞ்சுகுழாயை இருந்ததாகச் சொல்லவேண்டும் என்று பகவான் எங்கும் கூறவில்லை. அன்பர் ஒப்பினார், முழுதும் ஒப்பினாரோ, வயதுக்கு மரியாதை காட்டினாரோ, அறியோம்.

ஆனால் கடிதத்தை விடக் கடினமான ஒன்று எமக்குக் காத்திருந்தது. விலகும் தொழிலாளியின் உறவினர் ஒருவரைப் பதிலியாக எடுத்துக்கொள்வது ஆலையில் எழுதாத வழக்கம். எம் மனைவியாரின் தம்பி அப்போது 24 வயதினர். கட்டட வேலை சில நாள் கிடைக்கும், சில நாள் கிடையாது. தந்தையாரின் மருத்துவத்துக்கு வாங்கிய கடன் அவர் தலையில் இருந்தது. மாமா, உங்கள் இடத்துக்கு என்னைச் சொல்லிவிடுங்கள் என்று வந்து நின்றார். உடல் கெட்டதென்று யாம் விட்ட இடத்தில் இன்னோர் உடலை நிறுத்துவதா? மறுத்தால் அவ்விடம் வெற்றிடமாக இராது. எவர் மகனோ வருவான், ஒன்றும் அறியாமல் வருவான். இதற்கு எந்தச் சுத்தத்திலும் நேரான விடையை யாம் காணவில்லை.

யாம் செய்தது ஒன்றே. அவரை அமர்த்தி எல்லாவற்றையும் சொன்னோம். வெள்ளிக்கிழமையைச் சொன்னோம். படிக்கட்டைச் சொன்னோம். படியேறும்போது திரும்பிப் பார்க்கும் அந்த மனிதரைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். கேட்டபின், "மாமா, வெள்ளிக்கிழமை வரும் மூச்சுமுட்டல் சனிக்கிழமை போய்விடும் என்கிறீர்கள். வட்டிக்காரர் எல்லாக் கிழமையும் வருகிறாரே" என்றார். எம் மனைவியார் அடுப்படியிலிருந்து எம்மைப் பார்த்தார், தம்பியையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. யாம் மேஸ்திரியிடம் சென்று, கோன் வைண்டிங்கில் இடம் தாருங்கள், அங்குத் தூசி குறைவு என்று கேட்டோம். காலியாக இருப்பது கார்டிங் என்றார் மேஸ்திரி. தம்பி கார்டிங்கில் சேர்ந்தார்.

ஐந்தாம் ஆண்டில் அவருக்கும் வெள்ளிக்கிழமை தொடங்கியது. பீடி தொடாதவர், வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டே வேலை செய்தவர். மூன்று வெள்ளிக்கிழமைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, நான்காம் வாரம் மருத்துவரிடம் சென்றார். தொழில் என்ன, எந்தப் பகுதி, எத்தனை ஆண்டு, ஓய்வு நாள் எது என்பவற்றை மருத்துவர் கேட்குமுன் தாமே சொன்னார். எம் கடிதத்தின் படியையும் உடன் கொண்டுபோயிருந்தார். அம்மருத்துவர் இளையவர், ஒரு நாளில் வேலைக்கு முன்னும் பின்னும் குழாயில் ஊதச் செய்து மூச்சின் அளவை ஒப்பிட்டார். வேலைக்குப் பின் குறைந்திருந்தது. தூசியில்லாத பகுதிக்கு மாற்றவேண்டும் என்று எழுதித் தந்தார். டைம் ஆபீசில் அதே எழுத்தர்தான். அச்சீட்டைப் பார்த்து, பழைய கோப்பொன்றைத் தேடி எடுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்து மேலே அனுப்பினார். ஆறு வாரம் கழித்துத் தம்பியைக் கோன் வைண்டிங்குக்கு மாற்றினர். திங்கட் சம்பளம் குறைந்தது. கடன் தீர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. மூச்சு திரும்பிவிட்டது.

அவர் விட்ட கார்டிங் எந்திரத்தின் முன் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவரை நிறுத்தினர். தம்பி தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், தேநீர் இடைவேளையில், வெள்ளிக்கிழமையைப் பற்றி அவரிடம் சொல்லத் தொடங்கினார். கிழமையின் பெயர் மட்டும் அவருக்கு முதலில் விளங்கவில்லையாம். விரல்விட்டு எண்ணிக் காட்ட வேண்டியிருந்ததாம்.